பரலில் கிடந்த பயோடீசலை ஊற்றலாமா?

மாரிப் பருவ நெல்லுக்கான காலபோக உழவு நெருங்கினால் எனக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான். "ரீச்சர், மாசியில செய்த எண்ணெய் ஒரு பரல் அப்படியே கிடக்கு. மெசினுக்கு ஊத்தலாமோ?" நான் திருப்பிக் கேட்பேன்: எங்கே வைத்திருந்தீர்கள், மூடி இறுக்கமாக இருந்ததா, எந்தக் கடை எண்ணெய், பரலில் பூட்டியிருக்கிற பைப் பித்தளையா? அதற்குள் கேட்டவருக்குப் பொறுமை போய்விடும். "நிறம் நல்லாத்தான் இருக்கு ரீச்சர்" என்பார். பழுதாகத் தொடங்கிய பயோடீசலும் நிறத்தில் நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

நான் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். தம்பி விசுவமடுப் பக்கம் வயல் செய்கிறான். ஒரு நாலு சில்லு உழவு இயந்திரமும் ஒரு இரண்டு சில்லு லான்ட்மாஸ்டரும் இருக்கின்றன. 2022 இல் டீசல் வரிசைகளில் வன்னி விவசாயிகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்த வருட யூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்த பிறகும் உழவுக்குத் தேவையான அளவு கைக்கு எட்டவில்லை. எரிபொருள் இல்லாமல் இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய நிலம் இது. ஜாம் போத்தல் விளக்கில் படித்துத்தான் நான் பரீட்சை எழுதினேன். ஆனாலும் நெல் வயலை உழாமல் பார்த்துக்கொண்டு இருப்பது வேறு விதமான வலி. அப்போதுதான் தம்பி கேட்டான், "அக்கா, பொரிச்ச எண்ணெயில டீசல் செய்யலாமாமே, உங்கட பாடத்தில இருக்கிறதுதானே?"

செய்வது உண்மையில் பாடத்தில் இருக்கிறதுதான். எண்ணெயோடு மெதனோலையும் கொஞ்சம் காரத்தையும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால், எண்ணெய் மூலக்கூறு உடைந்து மெதைல் எசுத்தர் ஆகும். அதுதான் பயோடீசல். கிளிசரின் அடியில் இறங்கும். மேலே நிற்பதைக் கழுவி, நீரை ஓட்டி, வடித்து எடுப்பது. காரம் என்பது காஸ்டிக் சோடா அல்லது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. ஆனையிறவு உப்பை எடுத்து பரந்தனில் காஸ்டிக் சோடா செய்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தொழிற்சாலை நின்ற இடத்தைத் தாண்டித்தான் நான் இன்று வெளியூரில் இருந்து வருகிற காரத்தை வாங்கப் போகிறேன். ஒவ்வொரு முறையும் மனது அங்கே ஒருக்கால் நிற்கும்.

சரி, செய்முறை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது செய்து முடித்த பிறகு நடப்பது. பெற்றோலிய டீசலை ஒரு போகத்தில் இருந்து அடுத்த போகத்துக்கு வைத்துப் பழகிய நாங்கள், பயோடீசலையும் அதே கண்ணோடு பார்க்கிறோம். அது அப்படிப்பட்ட பொருள் அல்ல. அது பரலுக்குள் இருந்தபடியே மாறிக்கொண்டிருக்கும். செய்த அன்று தரம் எப்படி இருந்தது என்பது ஒரு கேள்வி; ஊற்றுகிற அன்று எப்படி இருக்கிறது என்பது வேறு கேள்வி. மெசினுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

ஏன் மாறுகிறது? தேங்காய் எண்ணெய் கன நாள் கிடந்தால் காறல் மணம் வருமே, பாடத்தில் பாண்டலடைதல் என்று படிப்பிக்கிறோம், அதேதான். எண்ணெயில் இருக்கிற கொழுப்பமிலச் சங்கிலிகளில் சிலவற்றில் இரட்டைப் பிணைப்பு இருக்கும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் அகப்பட்ட காபனில் இருக்கிற ஐதரசன் மிக இலகுவாகக் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் காற்றில் உள்ள ஒட்சிசன் வந்து ஒட்டும். ஐதரோபரவொட்சைட்டு உண்டாகும். அது பக்கத்து மூலக்கூறையும் இழுத்துவிடும்; சங்கிலித் தாக்கம். பிறகு இந்தப் பரவொட்சைட்டுகள் உடைந்து அலடிகைட்டுகளும் சிறிய அமிலங்களும் வரும். சில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகிப் பிசினாகும். அமிலம் உலோகத்தை அரிக்கும், பிசின் பில்டரை அடைக்கும், இன்ஜெக்டர் நுனியில் படியும்.

எந்த எண்ணெயில் இருந்து செய்தீர்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான். தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் அளவுக்கு நிரம்பிய கொழுப்பமிலம். இரட்டைப் பிணைப்பே இல்லாதவை. அதில் செய்த பயோடீசல் தாக்குப்பிடிக்கும். பாம் எண்ணெயும் பரவாயில்லை. இலுப்பை எண்ணெய் நடுத்தரம். ஆனால் அதில் சுயாதீனக் கொழுப்பமிலம், அதாவது எண்ணெய் மூலக்கூறில் பிணையாமல் தனியாக நிற்கிற கொழுப்பமிலம், அதிகம்; செய்வதிலேயே கரைச்சல். சோயாவும் சூரியகாந்தியும் வேகமாகப் போகும், இரண்டு இரட்டைப் பிணைப்பு உள்ள லினோலிக் அமிலம் அவற்றில் பாதிக்கு மேல். எங்கள் சிக்கல் என்னவென்றால், ரோல்ஸ் பொரித்த கடையிலும் கல்யாண மண்டபத்திலும் இருந்து வருகிற எண்ணெயில் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, நாள் முழுக்கத் தாச்சியில் கொதித்த எண்ணெய் தன்னோடு இயற்கையாக இருந்த தொக்கோபெரோல், அதாவது விற்றமின் ஈ, பெரும்பகுதியையும் தொலைத்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறது. அதுதான் ஒட்சியேற்றத்தைத் தடுத்து நின்ற காவல்.

அந்தக் காவல் இருக்கும் மட்டும் வெளியில் ஒன்றும் தெரியாது. குளக்கட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஏறுவது போல. கட்டு நிற்கிற வரை கீழ் வயலில் ஈரம்கூடத் தெரியாது, உடைத்தால் ஒரேயடியாகத்தான் வரும். புதிதாகச் செய்த பயோடீசலில் அமிலத்தை அளந்தால் குறைவாக இருக்கும். இரண்டு மாதம் கழித்து அளந்தாலும் ஏறக்குறைய அதேதான். பிறகு ஒரு கட்டத்தில் சட்டென்று ஏறும். அந்த அமைதியான காலத்துக்குத் தூண்டற்காலம் என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் ஒட்சியேற்ற உறுதிப்பாட்டுச் சோதனை அளக்கிறது.

ஆய்வுகூடங்களில் இதற்கு ரான்சிமாட் என்ற கருவி வைத்திருப்பார்கள். ஐரோப்பிய முறை ஈஎன் 14112. மூன்று கிராம் பயோடீசலை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து 110 பாகை செல்சியஸில் வைத்து, மணிக்கு 10 லீற்றர் வீதம் காற்றை அதற்குள்ளால் ஊதுவார்கள். வெளியே வருகிற காற்று காய்ச்சி வடித்த நீருக்குள் போகும். ஒட்சியேற்றம் முற்றியதும் போமிக் அமிலம் போன்ற ஆவிப்பறப்புள்ள அமிலங்கள் காற்றோடு வந்து அந்த நீரில் கரையும். நீரின் கடத்துதிறன் எழும்பும். வரைபில் அந்தக் கோடு வளைகிற நேரம்தான் முடிவு. மணித்தியாலத்தில் சொல்வார்கள். ஐரோப்பிய நியமமான ஈஎன் 14214 முன்னர் 6 மணித்தியாலம் கேட்டது, 2012 இல் வந்த திருத்தத்தில் அதை 8 ஆக்கினார்கள். அமெரிக்க ஏஎஸ்டிஎம் டி6751 கேட்பது 3 மணித்தியாலம் மட்டும். எங்கள் வெக்கைக்கு 8 தான் சரியான இலக்கு என்பது என் கருத்து.

இந்த எட்டு மணித்தியாலத்தைப் பிடித்துக்கொண்டு "அப்ப எத்தனை மாதம் வைக்கலாம்?" என்று கேட்டால் நேரடியான பெருக்கல் கணக்கு எதுவும் இல்லை. 110 பாகையில் காற்று ஊதி எடுக்கிற எண் ஒப்பிடுவதற்கானது. ஆனால் ஒரு பொது விதி உதவும்: வெப்பநிலை 10 பாகை கூடினால் தாக்கத்தின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஜேர்மனியில் ஒரு நிலக்கீழ்த் தாங்கியில் 15 பாகையில் கிடக்கிற எரிபொருளையும், கச்சான் வீசுகிற ஆடி ஆவணியில் தகரக் கொட்டிலுக்குள் 40 பாகையைத் தாண்டுகிற எங்கள் பரலையும் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். அங்கே ஆறு மாதம் நிற்கும் என்று வாசித்ததை வைத்து இங்கே முடிவு எடுக்கக் கூடாது.

கிளிநொச்சியில் ஒரு விவசாயி ரான்சிமாட் வாங்கப் போவதில்லை. நானும் வாங்கவில்லை. ஆனால் அதன் தத்துவம் எளிமையானது என்பதால் வீட்டு விறாந்தையில் ஒன்று அமைத்திருக்கிறேன். மின்சார அடுப்பின் மேல் ஒரு மணற்சட்டி. அதற்குள் இரண்டு கொதிகுழாய்கள். மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கும் சின்னப் பம்ப் ஒன்று இரண்டுக்கும் பிரித்துக் காற்று கொடுக்கும். ஒவ்வொரு குழாயில் இருந்தும் வருகிற காற்று தனித்தனிப் போத்தலில் இருக்கிற காய்ச்சி வடித்த நீருக்குள் குமிழி விடும். நீரில் கடத்துதிறன் மானி. தண்ணீரின் தரம் பார்க்க விற்கிறார்களே, பேனை மாதிரிச் சின்னது, அது. ஒரு குழாயில் நேற்றுச் செய்த எண்ணெய், மற்றதில் பரலில் கிடந்த எண்ணெய். இரண்டையும் ஒரே சட்டியில், ஒரே காற்றில் வைப்பதுதான் இதில் உயிர்நாடி. மணற்சட்டியில் வெப்பநிலை இரண்டு மூன்று பாகை ஏறி இறங்கும், காற்றின் அளவும் நியமத்தில் சொன்னது அல்ல. அதனால் எனக்கு வருகிற நேரத்தை 8 மணித்தியாலத்தோடு ஒப்பிட முடியாது. ஆனால் புதியதோடு ஒப்பிடலாம். அது போதும்.

காலையில் தொடங்கினால் இரண்டு மானிகளும் கன நேரத்துக்கு அசையாமல் நிற்கும். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, "அம்மா, இன்னும் ஒண்டும் நடக்கேல்லையா?" என்று எட்டிப் பார்ப்பாள். பிறகு பழைய எண்ணெய்ப் போத்தலில் எண் மெல்ல எழும்பும். முதலில் ஒன்று, இரண்டு. கால் மணித்தியாலத்தில் பத்தைத் தாண்டும். அதன் பிறகு பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஓடும். குழாய்ப் பக்கம் முகத்தைக் கொண்டுபோனால் மூக்கில் குத்துகிற ஒரு மணம். பக்கத்துப் போத்தலில் புதிய எண்ணெயின் எண் இன்னும் அப்படியே நிற்கும். இரண்டு எண்களையும் அருகருகே பார்த்தவர்களுக்கு அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்லத் தேவைப்படுவதில்லை.

யாராவது செய்து பார்க்க விரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள். சுவாலை உள்ள அடுப்பு வேண்டாம். பயோடீசலின் தீப்பற்றும் நிலை 100 பாகைக்கு மேலே என்றாலும், மெதனோலைச் சரியாக அகற்றாத எண்ணெயில் அது பெரிதாக இறங்கிவிடும். வெளியிடத்தில், சின்ன அளவில், மின்சார அடுப்பில், பக்கத்தில் ஒரு வாளி மண்ணோடு.

இதை எல்லோராலும் செய்ய முடியாது. அதனால் பரவலாகச் செய்யக்கூடியது அமிலப் பெறுமானம் பார்ப்பது, அதாவது எரிபொருளில் உள்ள அமிலத்தை நடுநிலையாக்க எவ்வளவு காரம் வேண்டும் என்று அளப்பது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் இதில் ஒரே எல்லைதான்: ஒரு கிராம் எரிபொருளுக்கு 0.50 மில்லிகிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக்கு மேல் போகக் கூடாது. உயர்தரம் படித்த எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய நியமிப்பு இது. ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு கிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டைக் கரைத்தால், ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம் இருக்கும். ஐசோபுரொப்பைல் அற்ககோலில் 10 மில்லிலீற்றர் பயோடீசலைக் கரைத்து, நிறம் மாறிக் காட்டுகிற பினோத்தலீன் காட்டி இரண்டு துளி விட்டு, அளவியில் இருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 10 மில்லிலீற்றர் பயோடீசல் ஏறக்குறைய 8.8 கிராம். ஆகவே 4.4 மில்லிலீற்றருக்குள் நிறம் மாறி நிலைத்தால் எல்லைக்குள் இருக்கிறது. அற்ககோலுக்கு மட்டும் தனியாக ஒரு நியமிப்புச் செய்து அதைக் கழித்துவிட வேண்டும். காரம் காற்றில் இருந்து ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் இழுக்கும், கடையில் வாங்கும்போதே அதில் கொஞ்சம் நீர் இருக்கும். அதனால் ஒட்சாலிக் அமிலம் கிடைத்தால் முதலில் அந்தக் காரத்தையே நியமித்து உண்மையான செறிவை எழுதி வையுங்கள்.

பினோத்தலீன் கிடைக்காவிட்டால் மஞ்சள். ஆலத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதைப் பார்க்காத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. அந்த நிறமாற்றம் இங்கே அப்படியே வேலை செய்யும். மஞ்சள்தூளை அற்ககோலில் ஊறவைத்துத் தெளிந்த மேற்பகுதியை எடுங்கள். கரைசல் மஞ்சளாகத் தொடங்கும். காரத்துளி விழுகிற இடத்தில் ஒரு செந்நிறப் புள்ளி தோன்றும், குலுக்கினால் மறையும். முடிவு நெருங்க நெருங்க அந்தச் சிவப்பு மறையத் தயங்கும். அரை நிமிடம் குலுக்கியும் சிவப்பு நின்றால் அதுதான் முடிவுப்புள்ளி. எண்ணெய் கரும்பழுப்பாக இருந்தால் இதில் கண் ஏமாறும். அப்போது எண்ணெயின் அளவைப் பாதியாக்கி, அற்ககோலைக் கூட்டிச் செய்ய வேண்டும்; 4.4 என்ற எல்லையும் பாதியாகும்.

ஆனால் முன்னர் சொன்னதை மறக்க வேண்டாம். அமிலம் ஏறுவது கடைசியில். எல்லைக்குள் இருக்கிறது என்று இன்று வந்த ஒரு எண்ணை வைத்து அடுத்த இரண்டு மாதத்துக்கு நிம்மதியாக இருக்க முடியாது. நான் கேட்பது ஒரு கொப்பி. செய்த அன்று எவ்வளவு, ஒரு மாதம் கழித்து எவ்வளவு, அதற்கடுத்த மாதம் எவ்வளவு. எண் சின்னதாக இருந்தாலும் போன மாதத்தைவிடத் தெளிவாக ஏறியிருந்தால் அந்தப் பரலை உடனே பாவித்து முடியுங்கள். பாடசாலை ஆய்வுகூட வசதி உள்ளவர்கள் பரவொட்சைட்டுப் பெறுமானத்தையும் பார்க்கலாம். பொற்றாசியம் அயடைட்டு, தயோசல்பேற்று, மாப்பொருள் காட்டி என்று பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்த சாமான்கள்தான். அது அமிலத்துக்கு முன்னரே ஏறும். முற்றிய எண்ணெயில் பரவொட்சைட்டுகள் உடைந்து எண் திரும்ப இறங்கவும் செய்யும் என்பதால் அதையும் தனியாக நம்பக் கூடாது.

மாதிரி எடுக்கிற இடம் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். பரலின் வாயில் கரண்டியை விட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். அங்கே எப்போதும் நல்ல எண்ணெய்தான். நீளமான கண்ணாடிக் குழாயை, அல்லது உள்ளே பார்க்கக்கூடிய விறைப்பான பிளாஸ்ரிக் குழாயை, மேல்வாயைப் பெருவிரலால் மூடி அடிவரை இறக்கி, விரலை எடுத்து, நிரம்பியதும் திரும்ப மூடித் தூக்குங்கள். அடியில் கலங்கல், நீர்த்துளி, கறுப்புச் சளி எது இருந்தாலும் குழாயில் அப்படியே தெரியும். அந்தச் சளி நுண்ணங்கிகள். நீரும் எரிபொருளும் சந்திக்கிற தளத்தில் அவை வளரும், அவையும் அமிலம் விடும். பெற்றோலிய டீசலைவிடப் பயோடீசல் பல மடங்கு நீரைத் தனக்குள் கரைத்து வைத்திருக்கும். மாரியில் வாடைக்காற்றோடு குளிர் இறங்குகிற இரவுகளில் அந்த நீரில் ஒரு பங்கு பிரிந்து அடியில் நிற்கும். நியம எல்லை ஒரு கிலோவுக்கு 500 மில்லிகிராம் நீர். அதை வீட்டில் அளப்பது கடினம். உலர்ந்த சின்னத் தாச்சியில் ஒரு கரண்டி எண்ணெயை மெல்லச் சூடாக்கினால், 100 பாகையைத் தாண்டும்போது படபடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு, சுவாலை இல்லாத அடுப்பில் செய்யுங்கள்.

இன்னொரு சோதனை பலருக்குத் தெரியும்: 27 மில்லிலீற்றர் மெதனோலில் 3 மில்லிலீற்றர் பயோடீசலை விட்டுக் குலுக்குவது. எல்லாம் தெளிவாகக் கரைந்தால் தாக்கம் முடிந்திருக்கிறது. அடியில் எண்ணெய்த்துளி உட்கார்ந்தால் மாறாத எண்ணெய் மிச்சம். அதை 20, 22 பாகையில் செய்ய வேண்டும். எங்கள் 32 பாகை அறையில் செய்தால் மிச்ச எண்ணெயும் கரைந்து தப்பான சான்றிதழ் கொடுத்துவிடும். ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் போத்தல்களை வைத்து வெப்பமானியால் பார்த்துச் செய்யுங்கள். இது செய்த தரத்தைச் சொல்லும், வைத்த தரத்தைச் சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு "சோதிச்சுப் பாத்தாச்சு ரீச்சர்" என்று வருபவர்கள் நிறைய.

எனக்கு மிகவும் பயன்பட்டது எந்தக் கருவியும் வேண்டாத ஒன்று. பழைய பயோடீசல் தனியே நிற்கும்போது தெளிவாக இருக்கும். ஒட்சியேற்றத்தில் உண்டான பெரிய மூலக்கூறுகள் எசுத்தரில் கரைந்து நிற்கக்கூடியவை. டீசலில் அவற்றால் அப்படி நிற்க முடியாது. நாங்கள் ஊற்றுவது தனிப் பயோடீசல் அல்ல, ஐந்தில் ஒரு பங்கு பயோடீசல், மிச்சம் டீசல். அந்தக் கலவையை மெசினின் தாங்கியில் முதலில் செய்யாமல் ஒரு கண்ணாடிப் போத்தலில் செய்து, மூடி, ஒரு இரவு வையுங்கள். காலையில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். நேற்று இரண்டும் தெளிந்த திரவம். இன்று அடியில் மெல்லிய பழுப்புப் படலம் இருந்தால், அது நாளைக்கு உங்கள் பில்டரில் இருக்கப் போகிறது. தம்பி இப்போது ஒரு பரலையும் இந்தப் போத்தல் வைக்காமல் தொடுவதில்லை. நடு வயலில் சேற்றுக்குள் மெசின் நின்று, பில்டரைக் கழற்றி, தேன் மாதிரி இழுபடுகிற பிசினை விரலால் வழித்தெடுத்த ஒரு அண்ணையை அவன் பார்த்திருக்கிறான். அன்றைக்கு அவருக்குக் கூலி உழவு போனது, பம்ப் திருத்தக் காசும் போனது. எங்கள் பக்கம் ஒரு பருவத்தில் உழவு தவறினால் அது அந்த வருடத்துக் கதை.

வைக்கிற முறையில் சில விடயங்கள். செம்பும் பித்தளையும் ஒட்சியேற்றத்தைத் தூண்டும் உலோகங்கள்; ஈயமும் நாகமும் அப்படியே. பரலில் பித்தளைப் பைப் பூட்டாதீர்கள். நாகம் பூசிய தகரத் தாங்கியும் வேண்டாம். சாதாரண இரும்புப் பரல், உள்ளே துரு இல்லாமல். அல்லது தடித்த பொலித்தீன் கான். இறப்பர் வாசர்கள் ஊறிப் பெருக்கும், அதையும் பாருங்கள். பரலை வாய்மட்டும் நிரப்பி இறுக்கி மூடுங்கள். அரைப்பரலில் மிச்சப் பாதி காற்று, அதாவது ஒட்சிசன். பாதி முடிந்ததும் சின்னக் கான்களுக்கு மாற்றுவது அந்த வேலைக்குத் தகும். தகரத்துக்குக் கீழே அல்லாமல் கிடுகுக் கூரைக்குக் கீழே, மரநிழலில் வையுங்கள். இங்கே இதற்கு ஒரு சதம் செலவில்லை, ஆனால் பகல் வெப்பத்தில் பெரிய வித்தியாசம்.

தடுப்பான் சேர்ப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். டிபிஎச்கியூ (TBHQ), பிஎச்டி (BHT) என்று உணவு எண்ணெய்களிலேயே சேர்க்கிற இரசாயனங்கள் உண்டு. அவை வேலை செய்யும். ஆனால் செய்து உலர்த்திய அன்றே சேர்க்க வேண்டும். மணம் வந்த பிறகு சேர்ப்பது வீண் செலவு. நடந்த ஒட்சியேற்றத்தை எந்தத் தடுப்பானும் திருப்பாது. பலர் கடையில் ஒரு போத்தலை வாங்கிக்கொண்டு பழைய பரலைக் காப்பாற்ற வருகிறார்கள்; அந்தக் காசுக்கு மெதனோல் வாங்கிப் புதிதாகச் செய்யலாம்.

என்னைக் கேட்டால், ஒரு போகத்தில் இருந்து மற்றப் போகத்துக்குப் பயோடீசலை வைக்கவே கூடாது. காலபோக உழவுக்கு வேண்டியதை ஆவணியில் செய்யுங்கள், அறுவடைக்கு வேண்டியதைத் தையில் செய்யுங்கள். இடையில் சேர்கிற கடை எண்ணெயை எண்ணெயாகவே, வடித்து, நீரை ஓட்டி, நிரப்பி மூடி நிழலில் வையுங்கள். அதுவும் பழுதாகும், உண்மை. ஆனால் செய்கிற அன்று நியமித்துப் பார்த்து, மிகவும் போனதைக் கழித்துவிடலாம். எசுத்தர் ஆக்கிய பிறகு கழிப்பதென்றால் மெதனோலும் உழைப்பும் சேர்ந்து போகிறது. பரலில் செய்த திகதியையும் எண்ணெய் வந்த இடத்தையும் பெயின்ற்றால் எழுதிவிடுங்கள். ஒட்டுகிற காகிதம் மாரிக்கு நிற்காது.

சோதனையில் தவறிய எண்ணெயை என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இழப்புக்குப் பயந்துதான் பலர் சோதிக்காமலே ஊற்றுகிறார்கள். அதைக் கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். கல்லரிகிற இடங்களில் அச்சுக்குப் பூச எண்ணெய் வேண்டும். கழிவு என்ஜின் ஒயில் பூசுகிறார்கள், அதைவிட இது மண்ணுக்கு நல்லது, கேட்டு வாங்கிக்கொள்வார்கள். வேலிக் கதியால்களுக்கு நடுவே நடுகிற காய்ந்த மரக்கட்டைகளின் அடிக்குப் பூசலாம். துரு பிடித்த கலப்பை ஆணிகளை ஊறவைக்கலாம். தம்பியிடம் போன போகத்தில் தவறிய அரைப்பரல் இப்படித்தான் முடிந்தது. கல்லரிகிற அண்ணை இன்னும் இருக்கிறதா என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்.